நீர்வண்ண ஓவியம்: தாளில் தெரியும் குறையிலிருந்து காரணத்தைக் கண்டறிதல்

நீர்வண்ணம் பழகுகிறவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டும் தாள்கள் எல்லாம் காய்ந்தே வந்து சேரும். "ஏன் நடுவில் பூத்துப்போனது?", "ஏன் நிறம் சேறாகிவிட்டது?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்லும் முன் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: இந்த இடத்தில் தூரிகையை வைத்தபோது தாள் பளபளத்துக்கொண்டிருந்ததா, மங்கியிருந்ததா, காய்ந்திருந்ததா? பெரும்பாலானோருக்கு அது நினைவில் இருப்பதில்லை. அவர்களது கண் தூரிகையின் நுனியிலும் நிறத்திலும் இருந்திருக்கும். நீர்வண்ணத்தில் நேரும் பழுதுகளில் பெரும்பகுதி நிறத்தால் வருவதில்லை, நீரின் அளவாலும் அது காயும் நேரத்தாலும் வருகிறது என்பதால், அறிகுறிகளுக்குப் போகும் முன் தாளின் ஈரத்தைப் பார்த்துச் சொல்லும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது அவசியம்.

ஈரத்தைப் பார்க்கும் முறை

தாளுக்கு நேர் மேலிருந்து பார்த்தால் ஈரம் தெரியாது. தலையைத் தாழ்த்தி, சன்னல் ஒளி தாளில் பட்டுக் கண்ணுக்கு வரும்படி பக்கவாட்டில் பார்க்க வேண்டும். நீர் பூசியவுடன் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளக்கும். பலகையைச் சாய்த்தால் நீர் ஓடும். இதை முதல் நிலை என்று வைத்துக்கொள்வோம். சிறிது நேரத்தில் ஓட்டம் நின்று, பட்டுத்துணியின் மினுக்கைப் போன்ற மெல்லிய பளபளப்பு மட்டும் இருக்கும். இது இரண்டாம் நிலை. பிறகு அந்த மினுக்கும் மறைந்து தாள் மங்கித் தோன்றும், ஆனால் இழைகளுக்குள் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். இது மூன்றாம் நிலை. நான்காவது, முழுவதும் உலர்ந்த நிலை.

மூன்றையும் நான்கையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். விரல்களின் பின்புறத்தை நிறம் படாத ஓர் ஓரத்தில் மெல்ல வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் உலராத தாள் குளிர்ச்சியாக இருக்கும். உலர்ந்த தாளுக்கும் அருகில் உள்ள காய்ந்த தாளுக்கும் வேறுபாடு தெரியாது. உள்ளங்கையை வைக்க வேண்டாம், அதில் உள்ள எண்ணெய்ப்பசை தாளில் ஒட்டிவிடும்.

முதல் இரண்டு நிலைகளில் நிறத்தை நிறத்துக்குள் விடலாம். நான்காம் நிலையில் மேல்பூச்சு இடலாம். மூன்றாம் நிலையில் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். ஈரத்தாளில் வேலை செய்யும்போது தூரிகையில் உள்ள நீர் எப்போதும் தாளில் உள்ள நீரைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதே கீழே வரும் பல தீர்வுகளுக்கு அடிப்படை.

அறிகுறி: பூச்சின் நடுவே காலிஃபிளவர் போல விரிந்த கறை

பழகுகிறவர்களை அதிகம் வருத்தும் பழுது இது. நடுவில் வெளிறியும் விளிம்பில் பற்கள் போல் கிழிந்த கருத்த கோட்டுடனும் இருக்கும். இது உருவாவதை ஒருமுறை வேண்டுமென்றே செய்து பார்த்துவிட்டால் பிறகு பயம் இருக்காது. ஒரு துண்டுத் தாளில் உள்ளங்கையளவு நீலம் பூசி, மினுக்கு மறையத் தொடங்கும் தருணம் வரை காத்திருந்து, சுத்தமான நீர் நிறைந்த தூரிகையின் நுனியால் நடுவில் ஒரு சொட்டு வையுங்கள். முதல் சில விநாடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு அந்தச் சொட்டு இழைகள் வழியே நான்கு புறமும் ஊர்ந்து செல்லும். அரைகுறையாகப் படிந்திருந்த நிறமித் துகள்களைத் தன் முன்னே தள்ளிக்கொண்டு போய், தன் நீர் தீர்ந்த இடத்தில் அவற்றை வரம்புபோல் குவித்து நின்றுவிடும். அதே சொட்டை முதல் நிலையில் வைத்திருந்தால் நீரோடு நீராகக் கலந்திருக்கும். நான்காம் நிலையில் வைத்திருந்தால் வைத்த இடத்திலேயே நின்றிருக்கும்.

கறையின் இடத்தைக் கொண்டு காரணத்தை அறியலாம். கறை பூச்சின் நடுவில் இருந்தால், திருத்தப் போன தூரிகையில் நீர் அதிகமாக இருந்திருக்கிறது. பூச்சின் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி விரிந்திருந்தால், அங்கே தேங்கிய நீரைத் துடைக்காமல் விட்டிருக்கிறீர்கள். மேலே காய்ந்த பிறகு அந்தத் தேக்கம் திரும்பி ஏறியிருக்கிறது. ஒட்டுநாடாவின் ஓரமாக இருந்தால், நாடாவின்மேல் நின்ற நீர்த்துளிகள் தாளுக்குள் இறங்கியிருக்கின்றன. வட்டமான சிறு கறைகள் சிதறிக் கிடந்தால், தூரிகையை உதறியபோது தெறித்த துளிகளே காரணம்.

தவிர்ப்பதற்கு, கழுவிய தூரிகையை ஒவ்வொரு முறையும் மடித்த பழந்துணியில் ஒற்றிய பிறகே தாளுக்குக் கொண்டுபோக வேண்டும். பூச்சு முடிந்ததும் ஓரங்களில் தேங்கிய நீரைத் துணி நுனியால் உறிஞ்சிவிட வேண்டும். கறை விழுந்துவிட்டால் உடனே தேய்க்காதீர்கள். பளபளப்பு இன்னும் இருந்தால் பலகையைச் சாய்த்து நிறத்தை ஓடவிட்டு, ஒற்றி ஈரமகற்றிய தூரிகையால் அதிக நீரை உறிஞ்சிக்கொள்ளலாம். தாள் மங்கிவிட்டிருந்தால் முழுவதும் காயவிட்டு, கறையின் கருத்த விளிம்பை மட்டும் ஈரமான தூரிகையால் மெல்ல வருடி, துணியால் ஒற்றி எடுத்து, பிறகு அந்தப் பரப்பு முழுவதற்கும் ஒரே மெல்லிய பூச்சு தரலாம்.

பல ஆண்டுகளுக்கு முன் மாலை வானம் ஒன்றை வரைந்து முடித்து, வலது மூலையில் நிறம் சற்றே குறைந்திருப்பதாகத் தோன்றி, கழுவி ஒற்றாத தூரிகையால் ஒரே ஒரு முறை தொட்டேன். வானத்தின் கால்பகுதி போனது. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன், புதிதாகப் பழக வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது அதைத்தான். கறையைவிட, அந்த மூலை தொடாமல் விட்டிருந்தாலும் நன்றாகவே இருந்திருக்கும் என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

அறிகுறி: வடிவத்தின் ஓரத்தில் கருத்த கோடு

ஈரத்தின் எல்லையில் ஆவியாதல் விரைவாக நடப்பதால் உள்ளிருந்து நீர் ஓரத்தை நோக்கிப் பாய்ந்து, துகள்களை அங்கே சேர்க்கிறது. சிந்திய காப்பித்துளி காயும்போது வளையமாவதும் இதே காரணத்தால்தான். 1997இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை விளக்கிக் காட்டினார்கள். ஆகவே ஓரத்துக் கோடு நீர்வண்ணத்தின் இயல்பு. இலையின் விளிம்பிலும் கூரையின் விளிம்பிலும் அது அழகு சேர்க்கும். கன்னத்திலும் மேகத்திலும் வந்தால்தான் குறையாகிறது.

மென்மையான ஓரம் வேண்டுமானால், நிறம் முதல் நிலையில் இருக்கும்போதே, ஒற்றிய ஈரத்தூரிகையை அதன் ஓரத்துக்கு வெளியே ஒரு விரல் அகலம் தள்ளி வைத்து, நிறத்தின் எல்லையை நுனியால் தொட்டுவிட்டு நிறுத்த வேண்டும். நிறம் தானாக ஈரத்துக்குள் கசியும். இதில் நான் அடிக்கடி காணும் தவறு, நிறத்துக்குள்ளிருந்து வெளியே இழுப்பது. அப்படிச் செய்தால் ஓரம் கரையாமல் வேறோர் இடத்துக்கு நகரும், அவ்வளவுதான்.

அறிகுறி: வானம், சுவர் போன்ற பெரிய பரப்பில் கோடுகோடாகப் பூச்சு

தட்டில் கலந்த நிறம் பாதியில் தீர்ந்து, மீண்டும் கலப்பதற்குள் பூசிய விளிம்பு காய்ந்துவிடுவதே முதற்காரணம். வேண்டும் என்று தோன்றும் அளவைப்போல் இரண்டு மடங்கு கலந்து வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சினால் தட்டிலேயே காய்ந்து அடுத்த முறைக்கு ஆகும். தூரிகை சிறிதாக இருப்பது இரண்டாவது காரணம். பலகையின் தலைப்பக்கத்தை இரண்டு மூன்று விரல் உயர்த்தி வைத்தால், ஒவ்வொரு கோட்டின் அடியிலும் நிறநீர் மணியாகத் திரண்டு நிற்கும். அடுத்த கோட்டை அந்த மணியைத் தொட்டு இழுத்துக்கொண்டே இறங்க வேண்டும். மேலே போய்த் திருத்தக் கூடாது.

அறிகுறி: நிறம் சேறாகிவிடுகிறது

இதற்கு இரண்டு வேறு காரணங்கள் உண்டு, தீர்வுகளும் வேறு வேறு. ஆகவே முதலில் ஒரு சோதனை. தட்டில் உள்ள அதே கலவையை ஒரு சுத்தமான துண்டுத் தாளில் ஒரே வீச்சில் பூசிக் காயவிடுங்கள். அங்கும் மங்கலாக இருந்தால் குறை கலவையில். அங்கே தெளிவாக இருந்து ஓவியத்தில் மட்டும் மங்கலாக இருந்தால் குறை கையாளும் முறையில்.

கலவையில் குறை என்றால், ட்யூபின் மேல் உள்ள சிறு எழுத்துகளைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு நிறமிக்கும் உலகம் முழுவதும் வழங்கும் குறியீடு ஒன்று உண்டு: அல்ட்ராமரீன் நீலம் பி.பி. 29, தேலோ நீலம் பி.பி. 15 (பி.பி. என்பது 'பிக்மென்ட் ப்ளூ', அதாவது நீல நிறமி). வணிகப் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இரண்டு மூன்று நிறமிகள் கலந்திருக்கலாம். அப்படிப்பட்ட இரண்டு ட்யூப்களைக் கலந்தால், நீங்கள் இரண்டு நிறம் கலந்ததாக நினைக்க, தட்டில் ஐந்தாறு நிறமிகள் சேர்ந்துவிடும். சேர்க்கும் ஒவ்வொரு நிறமியும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்குகிறது. எனவே ஒற்றை நிறமி வண்ணங்களாகப் பார்த்து வாங்குவதும், ஒரு கலவையில் மூன்றுக்கு மேல் சேர்க்காமல் இருப்பதும் நல்லது.

நிறத்தின் சாய்வும் முக்கியம். அல்ட்ராமரீனில் சிவப்பின் சாயல் இருக்கிறது. அதனோடு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த மஞ்சளைச் சேர்த்தால் பச்சைக்கு எதிரான சிவப்பு இரு புறமிருந்தும் வந்து சேர்கிறது, பச்சை மங்கிப்போகிறது. பச்சைப் பக்கம் சாய்ந்த தேலோ நீலத்தோடு எலுமிச்சை மஞ்சளைச் சேர்த்தால் பளிச்சென்ற பச்சை கிடைக்கும். அதற்காக மங்கிய பச்சையை ஒதுக்கிவிடாதீர்கள். மரங்களில் பெரும்பாலும் நமக்கு வேண்டியது அதுதான். எது எப்போது வரும் என்று தெரிந்து கலக்க வேண்டும்.

கையாளும் முறையில் குறை என்றால், அநேகமாக மூன்றாம் நிலையில் தூரிகை போயிருக்கும். அரைக்காய்ந்த நிறத்தைத் திரும்பத் திரும்பத் தேய்க்கும்போது அடியில் படிந்தவை கிளம்பி மேலே உள்ளவற்றோடு கலக்கின்றன, தாளின் இழைகளும் எழும்பி வெண்மை மறைகிறது. நீர்வண்ணத்தின் ஒளி, நிறத்தை ஊடுருவிப் போய்த் தாளின் வெண்மையில் பட்டுத் திரும்புவதால் வருகிறது. அந்த வழி அடைபட்டால் எந்த நிறமும் சேறுதான். கழுவுவதற்கு ஒரு பாத்திரமும், கலப்பதற்கான சுத்தமான நீருக்கு இன்னொரு பாத்திரமும் வைத்துக்கொள்வது சிறிய மாற்றம், ஆனால் பலன் உடனே தெரியும்.

அறிகுறி: பூசும்போது அழுத்தமாக இருந்த நிறம் காய்ந்ததும் வெளிறிவிடுகிறது

நீர் இருக்கும்வரை துகள்களுக்கும் இழைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அது நிரப்பியிருக்கிறது. நீர் போனதும் அங்கே காற்று புகுந்து ஒளியைச் சிதறடிப்பதால் நிறம் வெளிறித் தெரிகிறது. நனைந்த துணி கருத்துத் தெரிவதும் இதனால்தான். இதைத் தடுக்க முடியாது, கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் முடியும். ஈரத்தில் பார்க்கும்போது "இது கொஞ்சம் அதிகம்" என்று தோன்றும் அழுத்தமே காய்ந்தபின் சரியாக இருக்கும். அதே தாளின் துண்டு ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கலவையையும் பூசிக் காயவிட்டுப் பார்த்த பிறகு ஓவியத்துக்குப் போங்கள்.

எதிர்த்திசையில் மிகைப்பட்டால் வேறு குறை வரும். நிறத்தை நீரில்லாமல் பசையாகவே அப்பினால் காய்ந்தபின் செம்பு போல் மினுமினுக்கும், சில வேளை வெடிக்கவும் செய்யும்.

அறிகுறி: மேல்பூச்சு இடும்போது அடிநிறம் கரைந்து வருகிறது

நீர்வண்ணத்தைத் தாளோடு பிணைப்பது வேலம் பிசின். அது எத்தனை நாள் காய்ந்தாலும் மீண்டும் நீரில் கரையும். அதனால் மேல்பூச்சு என்பது வேகமும் மென்மையும் கலந்த வேலை. அடிப்பூச்சு நான்காம் நிலைக்கு வந்துவிட்டதா என்று விரல் பின்புறத்தால் சோதித்துவிட்டு, மயிர் மென்மையான தூரிகையில் போதிய நிறத்தை எடுத்து, ஓரிடத்தை ஒரு முறைக்கு மேல் தொடாமல் கடக்க வேண்டும். அடிப்பூச்சுக்கு எளிதில் பெயராத நிறமியைத் தேர்ந்தெடுப்பது இன்னும் பாதுகாப்பு. தேலோ நீலத்தின் துகள்கள் மிகச் சிறியவை, இழைகளுக்குள் நுழைந்து சாயம்போல் பிடித்துக்கொள்ளும். செருலியன் நீலத்தின் துகள்கள் பெரியவை, மேலோட்டமாகப் படிந்து எளிதில் எழும்பும். மேகத்தை ஒற்றி எடுக்க நினைக்கும் வானத்துக்குத் தேலோவைப் பூசினால் எவ்வளவு ஒற்றினாலும் வெண்மை திரும்பாது.

அறிகுறி: தாள் அலையலையாக எழும்புகிறது

நீர் பட்டதும் இழைகள் பருத்துத் தாள் விரிகிறது. நனைந்த இடம் விரிய, நனையாத இடம் விரியாமல் இழுத்துப்பிடிப்பதால் மேடுபள்ளம் உண்டாகி, பள்ளத்தில் நிறம் தேங்குகிறது. இந்தத் தேக்கமே பிறகு காலிஃபிளவர் கறையாக மாறும், எனவே இரண்டு பழுதும் சேர்ந்து வந்தால் முதலில் தாளைக் கவனியுங்கள். 300 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறைந்த தாளைப் பலகையில் இழுத்து ஒட்டாமல் பயன்படுத்தினால் இது நிச்சயம் வரும். தாளை இரு பக்கமும் நன்றாக நனைத்து, பலகையில் விரித்து, நனைத்தால் ஒட்டும் காகித நாடாவை நான்கு ஓரங்களிலும் ஒட்டிக் கிடைமட்டமாகவே காயவிட்டால், காயும்போது சுருங்கி முரசுத்தோல் போல் இறுகிவிடும். 640 ஜிஎஸ்எம் தாளுக்கு இந்தப் பாடு தேவையில்லை, ஆனால் பயிற்சிக்கு அது வீண்செலவு. ஏற்கெனவே அலைந்துபோன ஓவியத்தைக் கவிழ்த்துப் பின்புறத்தில் லேசாக நீர் தடவி, இரண்டு சுத்தமான தாள்களுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றி ஓர் இரவு விட்டால் பெருமளவு நேராகும்.

அறிகுறி: ஓரிடத்தில் நிறம் பிடிக்கவில்லை, அல்லது மை ஒற்றும் தாள்போல் உறிஞ்சிவிடுகிறது

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான குறைகள். நிறம் விலகி ஓடினால் அங்கே கைப்பட்ட எண்ணெய்ப்பசை இருக்கிறது. கைகளைக் கழுவிவிட்டு, வரையும்போது கைக்கு அடியில் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். நிறம் பூசியவுடன் மூழ்கி, புள்ளிபுள்ளியாகக் கருத்து நின்றால் தாளின் பசைகாப்பு போய்விட்டது என்று பொருள். துணிக்குக் கஞ்சி போடுவதுபோல், நீர்வண்ணத் தாளுக்கு ஜெலட்டின் போன்ற பசை ஏற்றித்தான் தயாரிக்கிறார்கள். நீர் சிறிது நேரம் மேலேயே நிற்பது அதனால்தான். ஈரமான இடத்தில் வைத்திருந்த தாளிலும், அழிப்பானால் அழுத்தித் தேய்த்த இடத்திலும் இந்தக் காப்பு கெட்டுவிடும். அந்தத் தாளைப் பென்சிலுக்கும் கரிக்கோலுக்கும் ஒதுக்கிவிடுவதே நல்லது. அதில் நீர்வண்ணத்தைப் பழகினால் உங்கள் கையில்தான் குறை என்று தவறாக எண்ணிக்கொள்வீர்கள்.

அறிகுறி: ஒட்டுநாடாவோ மறைப்புத் திரவமோ தாளையும் பிய்த்துக்கொண்டு வருகிறது

தாள் முழுவதும் காயாதபோது உரித்திருக்கலாம், அல்லது மறைப்புத் திரவத்தை (நிறம் படக்கூடாத இடத்தில் முதலில் பூசி, பிறகு உரித்தெடுக்கும் ரப்பர்ப் பால்) பல நாள் விட்டிருக்கலாம், அல்லது சூடான காற்றால் காயவைத்திருக்கலாம். சூடு பட்டால் அந்த ரப்பர் இழைகளோடு இறுகிவிடும். நாடாவை ஓவியத்துக்கு வெளிப்புறமாக, தன்மேலேயே மடங்கும்படி தாழ்வாகப் பிடித்து மெதுவாக உரியுங்கள். திரவத்தைப் பூசும் தூரிகையை முதலில் சோப்பில் தோய்த்துக்கொண்டால் மயிர் ஒட்டிப்போகாது.

அறிகுறி: பூச்சு மணல் தூவியதுபோல் பொரிபொரியாகத் தெரிகிறது

சொரசொரப்பான தாளின் பள்ளங்களில் கனமான துகள்கள் இறங்கித் தங்குவதால் வருவது. அல்ட்ராமரீனிலும் கோபால்ட் நீலத்திலும் அம்பர் என்ற மண்பழுப்பிலும் இயல்பாகவே காணப்படும். பாறைக்கும் பழஞ்சுவருக்கும் நான் இதை விரும்பியே பயன்படுத்துகிறேன். முகத்தில் வேண்டாம் என்றால் வழவழப்பான தாளுக்கோ தேலோ, குயினாக்ரிடோன் வகை நிறமிகளுக்கோ மாறிக்கொள்ளலாம்.

அறிகுறி: சட்டமிட்டு மாட்டிய ஓவியம் சில மாதங்களில் மங்குகிறது

இந்த ஒன்றில் மட்டும் கையின் தவறு எதுவும் இல்லை, நிறமியின் தவறு. 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கிரேபும் லீபர்மனும் செயற்கையாகத் தயாரித்த அலிசரின், பி.ஆர். 83 என்ற குறியீட்டோடு இன்றும் அலிசரின் கிரிம்சன் என்ற பெயரில் விற்கப்படுகிறது. மெல்லிய பூச்சில் ஒளிபட்டால் அது கரைந்துபோவதுபோல் மங்கும். கண்ணைப் பறிக்கும் ஒளிர் இளஞ்சிவப்புகளும் அப்படியே. அதே சிவப்பு வேண்டுமானால் குயினாக்ரிடோன் வகையான பி.வி. 19 நெடுநாள் நிற்கும். ட்யூபில் ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் ஒளித்தாங்குதிறன் தரம் அச்சிட்டிருந்தால் 1 அல்லது 2 என்று இருப்பவற்றை மட்டும் எடுங்கள்.

மங்குதல் ஒளியால் மட்டும் நேர்வதில்லை என்பதை ஆங்கிலேய அறிவியலாளர்கள் ரசலும் ஆப்னியும் 1888இல் வெளியிட்ட ஆய்வறிக்கை காட்டியது; காற்றும் ஈரமும் இல்லாத குழாய்க்குள் வைத்தபோது பெரும்பாலான நிறங்கள் மாறாமல் நின்றன. ஆகவே நேர்வெயில் படும் சுவரும் ஈரக்கசிவுள்ள சுவரும் இரண்டுமே ஓவியத்துக்கு ஆகாதவை. உங்களிடம் உள்ள நிறங்களை நம்பலாமா என்று அறிய, எல்லாவற்றையும் ஒரு நீளத் தாளில் பட்டை பட்டையாக மெல்லிசாகப் பூசி, நடுவே நீளவாக்கில் வெட்டி, ஒரு பாதியை வெயில் படும் சன்னலிலும் மறுபாதியை மூடிய புத்தகத்துக்குள்ளும் வையுங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தால், எந்தெந்த ட்யூபை இனி வெறும் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தெரிந்துவிடும்.